ஓட்டை பழுதல்ல: அம்மாவுக்கு வாங்கிய நீ கேப்

அம்மாவின் முட்டிக்கு, அதாவது முழங்காலுக்கு, மாட்டும் உறையான இந்த நீ கேப்பை வாங்கி ஏழு வாரம் ஆகிறது. மூன்றாவது வாரம் எழுத உட்கார்ந்திருந்தால், காசுக்குக் கேடு, யாரும் வாங்காதீர்கள் என்று எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத மனம் வராது. நடுவில் நடந்ததெல்லாம் பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த ஒரு சொல்லால் வந்தது. அதனால் பொருளைப் பற்றியும் அந்தச் சொல்லைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முட்டிவலிக்காரர் இல்லாத லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) நம் இலங்கை மலைநாட்டில் ஏது? யாருக்காவது உதவட்டும்.

அம்மாவுக்கு 66 வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 38 வருடம் கொழுந்து எடுத்தவர். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலிருந்து மலைக்கு ஏற்றம், நிறுவைக்கு இறக்கம், மறுபடி ஏற்றம். கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில். அந்தப் பாரம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் முட்டிதான். இப்போது லயத்து வாசலில் இருக்கிற பதினொரு படியை ஏறுவதில் அவருக்கு அவ்வளவு தொல்லை இல்லை. இறங்கும்போதுதான் பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்து, ஒரு காலை வைத்து மறுகாலைச் சேர்த்து, நடை பழகும் பிள்ளை போல இறங்குவார். "ஏத்தம் கூட ஏறிப்புடலாம் பாப்பா, எறக்கந்தான் உசிர எடுக்குது" என்பார்.

எக்ஸ்ரே பார்த்த டொக்டர் தேய்மானம் என்றார். தொடைச் சதையைப் பலப்படுத்தச் சில பயிற்சிகளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு துண்டில் நீ கேப் வாங்கிப் போடும்படி எழுதித் தந்தார். அதில் 'ஓப்பன் பட்டெல்லா, மீடியம்' என்று இருந்தது. நான் தமிழ் படிப்பிக்கிற டீச்சர். ஓப்பனும் தெரியும், மீடியமும் தெரியும். பட்டெல்லா என்பது கம்பனிப் பெயர் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஏறிய கடையில் அளவுகூட எடுக்காமல், துணிக் குழாய் போல ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் தளர்ந்து கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. திருப்பி எடுக்கவும் மறுத்தார்கள். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது கடை ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு சின்ன பாமசி. நான் போனது சம்பளம் போட்ட கிழமை, கடைக்குள் நிற்க இடமில்லை. துண்டை நீட்டினேன், பெட்டி வந்தது, 3,250 ரூபாய் கொடுத்தேன், கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். அன்றைக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. கூட்டம் அப்படி.

வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்து, சாமானைக் கையில் எடுத்து, பல்புக்கு நேராகப் பிடித்தார். கறுப்பு நிறம். நீந்துகிறவர்கள் போடுகிற உடுப்பின் துணி போல மொத்தமான, மெத்தென்ற ரப்பர்த் துணி. நியோப்ரீன் என்று பெட்டியில் இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வெல்க்ரோ பட்டி. இரு பக்கமும் தையலுக்குள் மெல்லிய கம்பிச்சுருள். முன்பக்கம், நட்ட நடுவில், ஐந்து ரூபாய்க் குத்தியை விடப் பெரிதாக ஒரு வட்ட ஓட்டை. அதைச் சுற்றி விரல் மொத்தத்தில் ஒரு வளையம்.

"ஓட்டையப் போய் குடுத்து விட்டுருக்கானுக. நீயும் பாக்காம வாங்கிக்கிட்டு வந்திருக்க" என்றார் அம்மா.

மாற்றுவதென்றால் ஹட்டனுக்கு ஒரு நாள் மெனக்கெட வேண்டும். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஓட்டை இல்லை. பழைய குடைத் துணியை இரட்டையாக மடித்து, வட்டமாக வெட்டி, உள்பக்கம் வைத்து, படங்கு தைக்கிற ஊசியால் கறுப்பு நூல் கோத்துத் தைத்து அடைத்திருந்தார். தையல் ஒவ்வொன்றும் அரிசி அளவு. வளையத்தைச் சுற்றி இரண்டு ஓட்டு ஓட்டியிருந்தார். பார்வை மங்கிய கண்ணோடு அந்தத் தையலைப் போட்டு முடிக்க ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கும். நானும் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் குத்துகிறது.

மூன்று வாரம் போட்டார். வலி குறையவில்லை, கூடியது. ஒரு இரவு எண்ணெய் தேய்த்துவிடும்போது பார்த்தால், முட்டியின் மேல் காசை வைத்து அழுத்தினது போல வட்டமாகச் சிவந்து கன்றிப் போயிருந்தது. தையல் மடிப்பு உரசிய இடம். அடுத்த சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு, சண்டை போடும் எண்ணத்தோடுதான் பாமசிக்குப் போனேன்.

அன்றைக்குக் கவுண்டரில் ஒரு பிள்ளை நின்றது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். நான் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. நீ கேப்பை வாங்கி, தையலின் மேல் விரலை ஒரு சுற்று ஓட்டியது. "யாருக்கா இதத் தைச்சது? எவ்வளவு நேரா தைச்சிருக்காங்க" என்று கேட்டது. நான் அம்மாவைக் காட்டினேன். அந்தப் பிள்ளை கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, ஸ்டூலை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தன் காலை நீட்டியது.

"அம்மா, காலை இப்புடி நீட்டித் தளர்த்தி வைங்க. இறுக்காதீங்க. இப்ப ரெண்டு வெரலால முட்டியப் புடிச்சு அசைங்க. அசையுதா? அந்தச் சில்லுக்குத்தான் பட்டெல்லான்னு பேரு. ஓப்பன் பட்டெல்லான்னா சில்லுக்கு வாசல் விட்டுருக்குன்னு அர்த்தம். சில்லு வாசல்ல நிக்கணும், மத்ததெல்லாம் சுத்தி நின்னு புடிச்சுக்கும்."

அம்மா தன் முட்டிச் சில்லை இரண்டு விரலால் மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 66 வருடம் கூடவே இருந்த எலும்பு. அது அசையும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. எனக்கும் அன்றைக்குத்தான்.

உள்ளே மருந்து எடுத்துக்கொண்டிருந்த பார்மசிஸ்ட் ஐயா, சிங்களவர், எட்டிப் பார்த்துத் தன் முட்டியைத் தட்டிக்காட்டி "தணஹிஸ, அம்மே, தணஹிஸ" என்றார். தண என்றால் முழங்கால், ஹிஸ என்றால் தலை. முழங்கால் தலை. அந்தப் பிள்ளை புது பிளேடு ஒன்றை எடுத்து, நியோப்ரீன் கிழியாமல் ஒவ்வொரு தையலாக அறுத்து எடுத்தது. இருபது நிமிடம் இருக்கும். இடையில் வந்தவர்கள் காத்திருந்தார்கள். காசு கேட்கவில்லை, நான் நீட்டியதையும் வாங்கவில்லை. டேப்பை எடுத்துச் சில்லின் நடுவில் சுற்றி அளந்து, மீடியம் சரிதான் என்று உறுதிப்படுத்திய பிறகுதான் எங்களை விட்டது. கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் முழுக்க அந்த இருபது நிமிடத்துக்கே.

இனி அந்தச் சொல். வீட்டுக்கு வந்ததும் அகராதிகளை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் அம்மாவின் முட்டி கன்றிப் போயிருக்கிறது. அதை அப்படியே விட மனம் வரவில்லை.

பட்டெல்லா லத்தீன் சொல். பட்டினா என்றால் அகன்ற வாயுள்ள தட்டம், சட்டி. அதன் சின்னது பட்டெல்லா. நம் வாயால் சொன்னால் சிறுதட்டு. விரிதல், திறந்து கிடத்தல் என்ற பொருளுள்ள அடியோடு உறவுள்ள சொல் அது. ரோமர்கள் வீட்டுத் தெய்வங்களுக்குச் சோறு படைத்ததும் இந்தப் பட்டெல்லாவில்தான். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற ரோமர் மருத்துவம் பற்றி எட்டுப் பாகமாக எழுதினார். அதில் தொடையும் கீழ்க்காலும் சேரும் இடத்தின் மேல் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது, அதைப் பட்டெல்லா என்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். 'என்கிறார்கள்' என்பதைக் கவனியுங்கள். அவர் உண்டாக்கிய பெயர் அல்ல. அடுப்படியில் புழங்கிய பெயர், ஏற்கெனவே முட்டிக்கு ஏறிவிட்டிருந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க டொக்டர்மார் துண்டில் எழுதுவது அந்த அடுப்படிச் சொல்லைத்தான். ஸ்பெயினில் அகன்ற தட்டைச் சட்டியில் சமைக்கும் சோற்றுக்குப் பாயெல்லா என்று பெயர். அதுவும் இதே பட்டெல்லா பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்த வடிவம். ஆங்கிலேயரும் முன்பு முட்டிச் சில்லை 'நீ பேன்' என்றே சொல்லியிருக்கிறார்கள். பேன் என்றால் சட்டி.

இதைப் படித்ததும் எனக்கு அம்மாயியின் ஞாபகம் வந்தது. அம்மாவைப் பெற்றவர் எட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விழுந்து முட்டியில் அடிபட்டால் "செரட்டையில பட்டுருச்சா?" என்றுதான் கேட்பார். மரத்துக்கு மரம் சிரட்டை கட்டிப் பால் பிடித்த கை. முட்டியைத் தடவினால் அந்தக் கைக்குச் சிரட்டைதான் தட்டுப்படும். மலையாளத்தில் இன்றும் இந்த எலும்புக்கு முட்டுச்சிரட்டை என்றே பெயர். கவிழ்த்த சிரட்டை ஒன்றைத் தடவிவிட்டு உங்கள் முட்டியைத் தடவிப் பாருங்கள், சொல்லில் துளி பொய் இல்லை.

தமிழில் முழங்காற்சில்லு, முழங்காற்சிப்பி என்று இரண்டு பெயர். சில்லு என்றால் உடைந்த ஓட்டுத் துண்டு. என் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் லயத்து முற்றத்தில் கட்டம் கீறி, உடைந்த சட்டியில் ஒரு துண்டை உரசி வட்டமாக்கி, சில்லு எறிந்து ஒற்றைக் காலில் தாவுகிறார்கள். முட்டிச் சில்லின் ஓரமும் அப்படித்தான், உரசி மழுங்கிய வட்டம். சமஸ்கிருதத்திலும் இதே கதை. சுசுருதரின் வைத்திய நூல் எலும்புகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது, அதில் ஒரு வகை கபாலம். கபாலம் என்றால் நமக்கு மண்டையோடு. ஆனால் ஓடு, ஓட்டுத் துண்டு, பிச்சைப் பாத்திரம் எல்லாமே அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. கபால எலும்பு எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் ஜானு, அதாவது முழங்கால், முதலில் வருகிறது. அந்த நூல் எண்ணும் 107 வர்மங்களிலும் ஜானு உண்டு. அங்கே அடிபட்டால் ஆள் நொண்டுவான் என்கிறது. மலைச்சரிவில் வழுக்கி முட்டி குத்தி விழுந்தவர்களுக்கு இதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சிப்பி என்ற பெயரில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. கடற்பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும், கவிழ்த்த கிண்ணம் போன்ற ஓடுள்ள ஒரு நத்தை இனம் உண்டு. 1758 இல் இயற்கையியல் அறிஞர் லின்னேயஸ் அதற்கு வைத்த அறிவியல் பெயரும் பட்டெல்லாதான். நாம் சிப்பியின் பெயரை முட்டிக்கு வைத்தோம். அங்கே முட்டிக்கு இருக்கும் பெயரையே ஒரு சிப்பி வாங்கிக்கொண்டது.

இன்னும் ஒன்று. இந்தியாவில் சைக்கிள் சக்கரம் என்பதை இலங்கையில் சைக்கிள் சில்லு என்போம். பிரெஞ்சுக்காரர் இந்த எலும்பை ரொத்யூல் என்கிறார்கள், ஸ்பானியர் ரோத்துலா. இரண்டுக்கும் பொருள் சின்னச் சக்கரம், லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் ரோட்டாவிலிருந்து வந்தவை. அதே ரோட்டா போர்த்துக்கேயரின் வாயில் ரோதா ஆகி, சிங்களத்தில் ரோதய ஆகி, நம் தோட்டத்தில் ரோதை ஆனது. இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோதை சுற்றும் இடத்துக்குக் காவலாக ரோதமுனியை வைத்துக் கும்பிடுகிறோம். பிரான்சில் ஒரு டொக்டர் முட்டியைத் தொட்டுச் சொல்லும் சொல்லும், எங்கள் இஸ்டோர் முனியின் பெயரும் ஒரே வேரில் வந்தவை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பழைய கிரேக்கர் இதை மூலே என்றும் அழைத்தார்கள். மாவரைக்கும் திரிகைக் கல்லுக்கு அதுவே பெயர். தட்டு, சட்டி, சிரட்டை, ஓடு, திரிகை. அடுப்படியை விட்டு வெளியே போன பெயர்கள் சிப்பியும் சக்கரமும் மட்டும்தான்.

முழங்காலின் மற்றப் பெயர்களும் உறவுமுறை கொண்டவையே. ஜானு, லத்தீன் கெனு, கிரேக்கம் கோனு, ஆங்கிலத்தின் நீ, எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பார்மசிஸ்ட் ஐயா தட்டிக்காட்டிய தணவும் ஜானுவின் வழி வந்ததுதான். முழங்கால் வரை நீண்ட கை உள்ளவரை ஆஜானுபாகு என்கிறோமே, அதற்குள் உட்கார்ந்திருப்பதும் இந்த ஜானு. தமிழ் அந்தக் குடும்பத்தில் சேராமல் தன் வழியில் முழங்கால், முழந்தாள், முட்டி, மண்டி என்று வைத்துக்கொண்டிருக்கிறது. வேதக் கோயிலில் முழந்தாளிடுவோம், வகுப்பில் முட்டி போடுவோம், தோற்றால் மண்டியிடுவோம். ஒரே மடிப்பு, மூன்று மானம். நான் வகுப்பில் யாரையும் முட்டி போடச் சொல்வதை விட்டுவிட்டேன். அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு மனம் ஒப்பவில்லை.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருகிறேன். இந்த எலும்பு தனியாகத் தொங்குவதில்லை. தொடையின் முன்பக்கச் சதை கீழே வந்து நரம்பு போல இறுகும் தசைநாணுக்குள் பொதிந்திருக்கிறது. அப்படித் தசைநாணுக்குள் இருக்கும் எலும்புகளுக்குக் கிரேக்கத்தில் எள்ளைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒரு பொதுப் பெயர் உண்டு, எள் போன்றவை என்று பொருள். உடம்பில் உள்ள எள்ளுகளில் ஆகப் பெரியது முட்டிச் சில்லு. பிறக்கும்போது அது எலும்பாக இருப்பதில்லை, குருத்தாக இருந்து மூன்று வயதுக்கு மேல்தான் மெல்ல எலும்பாகத் தொடங்குகிறது. தவழும் பிள்ளை முட்டி தேயத் தேயத் தவழ்வது அந்தக் குருத்தின் மேல்தான். தொடைச் சதை காலை நீட்டும்போது சில்லு கப்பி போல நின்று அதன் பிடியைக் கூட்டிக் கொடுக்கிறது. முட்டி மடிய மடியச் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. இறங்கும்போது முழு உடம்பையும் மடிந்த முட்டியில் தாங்கி மெல்லக் கீழே விட வேண்டியிருப்பதால் அந்த அழுத்தம் அதிகம். சிவனொளிபாதமலைக்கு ஏறிவிட்டு நல்லதண்ணிக்கு இறங்கியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், மறுநாள் கால் நடுங்குவது ஏறியதற்காக அல்ல. அம்மாவின் 'எறக்கந்தான் உசிர எடுக்குது' என்ற பேச்சுக்கு இவ்வளவு கணக்கு உள்ளே இருக்கிறது.

அதனால்தான் ஓட்டை. சில்லின் மேல் மேலும் ஒரு அழுத்தம் விழாமல் வாசல் விட்டு, சுற்றி இருக்கும் வளையம் அதைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. எங்கள் குடைத்துணி அந்த வாசலை அடைத்து, அழுத்தக்கூடாத இடத்தில் சரியாக அழுத்தியது.

தையல் பிரித்துப் போட ஆரம்பித்த நான்கு வாரத்தில் நான் பார்த்தது இது. தேய்மானத்தை இது மாற்றாது, மாற்றும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் அம்மாவுக்குப் படி இறங்க ஒரு தைரியம் வந்திருக்கிறது. பக்கவாட்டில் திரும்பாமல், சுவரை மட்டும் பிடித்து நேராக இறங்குகிறார். கடைக்குப் போய்ப் பாணும் தேங்காயும் தானே வாங்கி வருகிறார். நியோப்ரீன் சூட்டைப் பிடித்து வைக்கிற சாமான். எங்கள் ஊர்க் குளிருக்கு அதுவே பாதி மருந்து, விடியற்காலையில் போட்டுக்கொண்டால் இதமாக இருக்கிறது என்கிறார். அதே சூடு பகலில் வியர்வையாகி, முட்டியின் பின்மடிப்பில் அரிக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்துக் காய விட வேண்டும். இரவில் போட்டுக்கொண்டு படுப்பதில்லை.

குறைகள் உண்டு. புதிதில் ரப்பர் வாடை ஒரு வாரம் போகாது. கீழ் வெல்க்ரோவில் கம்பளிப் பஞ்சும் முடியும் சேர்ந்து பிடி குறைகிறது, பழைய பல் தூரிகையால் அம்மா எடுக்கிறார். குந்தி உட்கார முடியாது, கழிப்பறைக்குப் போகும்போது கழற்றத்தான் வேண்டும். வயதானவருக்கு அது பெரிய வேலை. கையால் துவைக்கலாம், முறுக்கிப் பிழியக் கூடாது. மழை நாளில் காய இரண்டு பகல் பிடிக்கிறது. அவசரத்துக்கு அடுப்புக்கு மேல் தொங்கவிட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்று அந்தப் பிள்ளை முன்கூட்டியே எச்சரித்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் அடுப்புக்கு மேலேதான் காயும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் லயத்துப் பிள்ளைதான்.

என் பெரிய குறை பெட்டியின் மேல்தான். உள்ளே இருந்த தாளில் ஆங்கிலம் மட்டும். ஓட்டை எதற்கு, அகலமான பக்கம் எது, எவ்வளவு இறுக்கலாம், ஒன்றும் தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. இதைப் போடப்போகிறவர் யார்? மலையில் முட்டி தேய்ந்த எங்கள் அம்மாக்கள்தானே. அவர்களுக்குப் பட்டெல்லா தெரியாது, ஆனால் சில்லு தெரியும், சிரட்டை தெரியும். அந்தச் சொல் இருந்திருந்தால் குடைத்துணிக்கு வேலை வந்திருக்காது.

போன சனிக்கிழமை மறுபடி போனேன், அம்மாவின் இடது காலுக்கு இன்னொன்று வாங்க. போகும்போது என் கையெழுத்தில் ஒரு தாள் எழுதிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை ஒரு தடவை வாசித்து, "கொஞ்சம் பெருசா எழுதுங்க டீச்சர், வயசானவங்க வாசிக்கணும்" என்றது. கடைக் கவுண்டரிலேயே மார்க்கர் வாங்கி, பெட்டியின் பின் அட்டையில் பெரிதாக எழுதினேன். நீ கேப் தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் அதை ஒட்டியிருக்கிறார்கள்:

"நடுவில் உள்ள ஓட்டை பழுதல்ல. முட்டிச் சில்லு அதற்குள் நிற்க வேண்டும். அகலமான பக்கம் தொடைக்கு. உட்கார்ந்து, காலைக் கொஞ்சம் மடித்துப் போடவும். உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கவும். கால் மரத்தால், வீங்கினால் உடனே கழற்றவும். சந்தேகம் இருந்தால் எங்களிடம் கேளுங்கள், தைக்க வேண்டாம்."

கடைசி வரியை அம்மா சொல்லித்தான் சேர்த்தேன்.